முல்லைக்கு மாறும் பணி நடைபெறுகிறது

இசைவாணி சான்றிதழ் வாங்க அந்த அலுவலகத்துக்கு முதல்முறை போன அன்று வாசலில் ஒரு பலகை நின்றது. 'முல்லைக்கு மாறும் பணி நடைபெறுகிறது. பொதுமக்கள் ஒத்துழைக்கவும்' என்று அதில் எழுதியிருந்தார்கள். ஒத்துழைக்க அவளுக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. எப்படி ஒத்துழைப்பது என்று மட்டும் பலகையில் இல்லை.

அலுவலகம் என்றால் விருதுநகரில் இருக்கும் வெடித்தொழில் தகுதிச் சான்று ஆணையத்தின் மாவட்ட அலுவலகம். பட்டாசுத் தொழிற்சாலையில் போர்மேனாக இருக்க யாருக்குத் தகுதி உண்டு என்று தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுப்பது இவர்கள் வேலை. தாயில்பட்டியில் தங்கப்பாண்டியன் முதலாளியின் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக மருந்து கலக்கும் அறையில் வேலை பார்க்கும் இசைவாணி, போன மாதம் அந்தத் தேர்வை எழுதினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. முடிவை அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்ததைக் கண்ணால் பார்த்தாள். சான்றிதழை நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று கடிதமும் வந்தது.

அந்தக் காகிதம் அவளுக்கு எதற்கு என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலையின் உரிமத்தைப் புதுப்பிக்க வருகிற சனிக்கிழமை சோதனை. வருகிற அதிகாரி சுவரில் ஒரு போர்மேன் சான்றிதழைப் பார்ப்பார். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அடுத்த ஐந்து வருடத்துக்குப் போர்மேன். இசைவாணியின் சான்றிதழ் வராவிட்டால் முதலாளியின் மச்சான் மகன் எழிலுடையதை மாட்டிவிடுவார்கள். சென்னையில் சித்தப்பா வீட்டில் ஒரு வாரம் தங்கி அவன் எப்படியோ வாங்கி வந்த சான்றிதழ் அது.

எழில் மரியாதை தெரிந்தவன்தான். தராசைக் கண்டால் மட்டும் அவனுக்கு ஆகாது. போன சித்திரையில், முந்தின நாள் மிச்சம் கிடந்த கலவையை வீணாக்க மனமில்லாமல் புதுக் கலவையோடு சேர்க்கச் சொன்னவன் அவன். சேர்த்தவள் மாரித்தாய். அவள் வலது கையில் இப்போது மூன்று விரல்கள். அறிக்கையில் 'உராய்வு காரணமாக' என்று எழுதினார்கள். உராய்விடம் யாரும் விளக்கம் கேட்க முடியாது என்பது அதில் ஒரு வசதி. மாரித்தாயை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே இசைவாணி போர்மேன் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாள். அவளுக்கு அப்போது அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, இன்னும் அது அடங்கவில்லை.

"சான்றிதழா? சிஸ்டம் மாறிக்கிட்டு இருக்கு தங்கச்சி. புதன்கிழமை வாங்களேன்" என்றார் முனியராஜ். ஆமத்தூர்க்காரர், வயது நாற்பதுக்கு மேல். ஒன்பது வருடமாக இந்த அலுவலகத்தின் கணினிகளை ஒப்பந்த அடிப்படையில் பார்த்துக்கொள்பவர். கணினிகளுக்கு ஆயுள் ஐந்து வருடம், அவருக்கு மூன்று மாதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரைப் புதுப்பிப்பார்கள்.

"எங்கண்ணே மாறுது? ஆபீஸே வேற ஊருக்குப் போகுதா?"

"ஆபீஸ் எங்கயும் போகல. உள்ள ஓடுற லினக்ஸ்தான் குறிஞ்சியில இருந்து முல்லைக்குப் போகுது."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லினக்ஸ் என்பது கணினியை இயக்கும் மென்பொருள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஒரு பொருள் இப்படிக் கேட்பாரற்றுக் கிடப்பது ஆணையத்துக்குப் பொறுக்கவில்லை. அதற்கென்று ஓர் இயக்ககம், ஓர் இயக்குநர், பதினொரு படிவங்கள் எல்லாம் ஏற்படுத்தி, குறிஞ்சி என்று ஒரு பெயரையும் வைத்து மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். குறிஞ்சி ஆறு வருடம் ஒழுங்காக ஓடியது. புகார் வராததால் அதைப் பற்றி ஒரு கோப்புகூட உருவாகவில்லை. கோப்பில்லாத பொருளை வைத்துக்கொண்டு ஓர் இயக்ககம் எத்தனை நாள் சும்மா இருக்கும்? முல்லை என்ற புதிய பதிப்பு வந்தது.

முல்லையை நேரே சென்னையிலிருந்து இறக்கிக்கொள்ளக் கூடாது. சென்னையில் இருப்பது மூலம். அதன் அச்சு அசலான நகல் ஒன்று மாவட்டத்துக்கு ஒன்றாக இருக்கும். அதற்கு மிரர் என்று பெயர். அந்தந்த மாவட்டம் அந்தந்த மிரரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். யோசனை நல்ல யோசனைதான், உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். விருதுநகருக்கும் ஒரு மிரர் பெட்டி வந்து இறங்கியது. அதைத் திறந்துவைக்க முக்கியப் பிரமுகர் ஒருவர் வருவதாக இருந்ததால், பெட்டியின் மேல் சிவப்புத் துணியைப் போர்த்தி, உச்சியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, ஏசி அறையில் உட்கார்த்தி வைத்தார்கள். பிரமுகர் வரும் தேதி மூன்று முறை மாறியது. எலுமிச்சம்பழம் வாரம் தவறாமல் மாறியது.

இந்த நிலையில் மூன்று சுற்றறிக்கைகள் வந்தன. திறப்பு விழா நடக்காத மிரரிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்றது முதலாவது. மிரரைத் தவிர வேறெங்கிருந்தும் எடுக்கக் கூடாது என்றது இரண்டாவது. மாதக் கடைசிக்குள் எல்லாக் கணினியும் முல்லைக்கு மாறியிருக்க வேண்டும் என்றது மூன்றாவது. மூன்றிலும் ஒரே கையெழுத்து.

மாவட்ட அலுவலர் சபரிநாதன் முப்பது வருட அனுபவசாலி. மூன்றையும் மேசைமேல் பரப்பி, ஒரு மதியம் முழுக்க யோசித்து, முனியராஜைக் கூப்பிட்டார்.

"துணிய எடுக்கப்படாது. எடுக்காமலே பாதிய மட்டும் இறக்கு. முழுசா எடுத்தாத்தானய்யா தெறந்ததா அர்த்தம்? பாதி எடுத்தா அது ஒத்திகை."

"பாதி பழசு, பாதி புதுசுன்னு ஒரே மிஷின்ல போட்டா ஒண்ணோட ஒண்ணு சேராது சார்."

"சேரலைன்னு எழுத்து மூலமா குடுப்பியா?"

முனியராஜுக்கு அந்த மாதக் கடைசியில்தான் புதுப்பித்தல். பாதியை இறக்கினார்.

புதன்கிழமை இசைவாணி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தபோது அவளைப்போலவே பன்னிரண்டு பேர் வராந்தாவில் நின்றார்கள். எல்லாரும் பட்டாசுக்காரர்கள், எல்லாரும் தேறியவர்கள். உள்ளே சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பெயர் ஹரிஷ்குமார், பதவி 'பதிப்புயர்வு ஒருங்கிணைப்பு அலுவலர்'. பாதி குறிஞ்சியும் பாதி முல்லையுமாக நிற்கும் கணினியில் சான்றிதழ் படிவம் முல்லைப் பக்கம் திறந்தது. அதை அச்சிடும் மென்பொருளோ குறிஞ்சிக்கு மட்டும்தான் கட்டுப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இதற்கொரு தீர்வாகத்தான் ஹரிஷ்குமார் வந்திருந்தார். வந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, சிவப்புத் துணியுடன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

இசைவாணியின் முறை வந்தது. முனியராஜ் அவள் பதிவெண்ணைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தேர்வு மார்க்கு எல்லாத்தையும் அந்த மிரர் பெட்டிக்குள்ள வச்சிருந்தோம் தங்கச்சி" என்றார் தாழ்ந்த குரலில். "பழைய பெட்டியில எடமில்ல. துணி போத்தியிருக்கு, யாரும் தொட மாட்டாக, அதுதான் பத்திரம்னு சார் வைக்கச் சொன்னாரு."

"சரி."

"மிரர் என்ன பண்ணும்னா, மணிக்கொரு தடவ சென்னையப் பாக்கும். அங்கன இருக்கிறத இங்கன கொண்டாரும். அங்கன இல்லாதது இங்கன இருந்தா, மிச்சம்னு நெனச்சு அழிச்சிரும்."

"அப்போ நாங்க பதிமூணு பேரும் மிச்சமாண்ணே?"

ஹரிஷ்குமார் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னார். பாமரர்களுக்கு விளக்குவதில் அவருக்கு விருப்பம் அதிகம்.

"இதுல வருத்தப்பட ஒண்ணுமே இல்லம்மா. இது எங்க அமைப்போட வெற்றி. மேலே இல்லாதது கீழே இருக்கக் கூடாது. அதுதான் எங்க கொள்கை. போன வருஷம் ஒரு மாவட்டத்துல குடிநீர்க் குழாய் இருந்தது, தலைமையில அந்தக் குழாய் கணக்கில் இல்லை. இப்போ அந்த மாவட்டத்துலயும் இல்லை. ஒரே சீர்."

"நான் பரீச்சை எழுதினது இந்த ஊர்லதான சார்? சென்னையில எப்படி இருக்கும்?"

"நியாயமான கேள்வி. நீங்க ஒன்பதாம் படிவம் போட்டு, உங்களை மூலத்தில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கணும். சேர்த்ததும் மிரர் தானாக் கொண்டுவந்துடும்."

"அந்தப் படிவத்தக் குடுங்க. எழுதித் தாரேன்."

"படிவம் முல்லையில் இருக்கு. முழு முல்லை. இங்கே இன்னும் பாதிதான் வந்திருக்கு."

"நான் தேறினேன்னு இவுக அனுப்பின லெட்டர் கையில இருக்கே சார்."

ஹரிஷ்குமார் கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். அச்சு நன்றாக இருப்பதாகச் சொன்னார். பிறகு அதன் அடியிலிருந்த வரியைக் காட்டினார். குறிஞ்சிப் பதிப்பில் உருவாக்கப்பட்டது என்றிருந்தது. "குறிஞ்சி ஒன்றாம் தேதியோடு ஓய்வு பெற்றாச்சு. ஓய்வு பெற்றவர் சொன்னதை இப்போ எப்படி ஏத்துக்கிறது? நீங்க தேறலைன்னு நான் சொல்லவே இல்லை. நீங்க தேறினது எங்களுக்குத் தெரியாதுன்னுதான் சொல்றேன். தெரிஞ்சுக்கிற வசதி வந்ததும் முதல் ஆளாத் தெரிஞ்சுக்குவோம்."

வராந்தாவில் நின்ற பன்னிரண்டு பேரும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டாசு வேலைக்காரர்கள் பொதுவாகச் சத்தம் போடுவதில்லை, அவர்கள் பிழைப்பு அப்படி.

வாசல்வரை கூடவே வந்த முனியராஜ் ஒரு விஷயத்தைச் சொன்னார். மாற்ற ஆரம்பிக்கும் முன்னால் அவர் யாரையும் கேட்காமல் குறிஞ்சி முழுவதையும், மார்க்குகளோடு சேர்த்து, ஒரு குறுந்தகட்டில் நகலெடுத்து வைத்திருந்தார். பழைய பதிப்பின் தகடு எதுவும் அலுவலகத்தில் இருக்கக் கூடாது, மூவர் குழு முன்னிலையில் உடைக்க வேண்டும் என்று விதி. இரண்டு பேர் இருந்தார்கள். மூன்றாவது பதவி நான்கு வருடமாகக் காலி. அதனால் தகட்டை உடைக்க முடியாமல் உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துப் பீரோவில் பூட்டியிருந்தார்கள். மொத்த அலுவலகத்திலும் உருப்படியாக மிஞ்சியிருந்தது ஒரு காலிப் பணியிடத்தின் புண்ணியத்தில்தான்.

"அத எடுத்துப் போடுறதுக்கென்ன?"

"முத்திரைய அவசரநிலையில மட்டுந்தான் ஒடைக்கலாம்னு உறை மேலயே எழுதியிருக்கு."

"எது அவசரநிலை?"

"அது மட்டும் எங்கயும் எழுதல, தங்கச்சி."

வெள்ளிக்கிழமை அவள் மூன்றாவது முறையாக வந்தாள். மறுநாள் சோதனை. தொழிற்சாலை அலுவலகச் சுவரில் எழில் ஆணி அடித்துத் தயாராக வைத்திருந்ததைக் காலையில் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தாள். அந்த ஆணி வழியெல்லாம் அவள் கண்ணிலேயே நின்றது. திருத்தங்கல் தாண்டியதும், ஆமத்தூர் வந்ததும், ஒன்றையும் அவள் கவனிக்கவில்லை.

அலுவலகத்தில் அன்று கூட்டம் முப்பதைத் தொட்டது. கணினி அறையில் சபரிநாதன், ஹரிஷ்குமார், முனியராஜ், இரண்டு எழுத்தர்கள், மேற்பார்வையாளர் பிரபாகரன், அவருக்கு உதவி செய்ய ஒருவர், காபி கொண்டுவந்தவர் என்று எட்டுப் பேர். எல்லாரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதியாக நிற்கும் முல்லையின் மேல் இன்னொரு கால்வாசியை ஏற்றும்படி ஹரிஷ்குமார் உத்தரவிட்டிருந்தார். முக்கால் என்றால் சென்னைக்குப் போகும் அறிக்கையில் பார்வையாக இருக்கும்.

"சார், இதோட இன்னும் ஏத்தினா மிஷின் எந்திரிக்கவே எந்திரிக்காது" என்றார் முனியராஜ்.

"ஏன் எப்பவும் எதிர்மறையாவே பேசறீங்க?" என்றார் ஹரிஷ்குமார்.

இசைவாணி கதவோரம் நின்று திரையைப் பார்த்தாள். ஒரு வரியில் குறிஞ்சி, அடுத்த வரியில் முல்லை, மறுபடி குறிஞ்சி, மறுபடி முல்லை என்று எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அவளுக்கு லினக்ஸ் தெரியாது. ஆனால் இதே மாதிரி ஒன்றை அவள் ஏற்கனவே பார்த்திருந்தாள். சித்திரையில், மாரித்தாயின் தட்டில். அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. எழில் சொல்லும்போது நாம் எப்படிக் குறுக்கே பேசுவது என்று இருந்துவிட்டாள்.

"அண்ணே, பழைய கலவையும் புதுக் கலவையும் ஒரே தட்டுல கெடக்கு. அப்பிடித்தான?"

முனியராஜ் திரும்பிப் பார்த்தார். "அதேதான், தங்கச்சி. இம்புட்டு லேசா எனக்குச் சொல்லத் தெரியல."

"ஏம்மா, வெளிய நில்லும்மா" என்றார் சபரிநாதன்.

அவள் வெளியே போகவில்லை. பக்கத்து ஏசி அறைக்குள் போனாள். மிரர் பெட்டியின் மேலிருந்த சிவப்புத் துணியை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். எலுமிச்சம்பழம் உருண்டு மேசைக்கு அடியில் போனது. விருதுநகர் மாவட்ட மிரர் அத்துடன் திறந்துவைக்கப்பட்டது.

துணியைக் கொண்டுவந்து கணினி அறைக் கதவின் மேல் போட்டாள். பிறகு பதினோரு வருடம் போர்மேன்களிடமிருந்து கேட்டுப் பழகிய குரலில், சத்தம் போடாமல் அழுத்தமாகச் சொன்னாள்.

"கையில இருக்கிறத அப்பிடியே வைங்க. எதையும் இழுக்காதீக, தேய்க்காதீக. வரிசையா வெளிய வாங்க. ஓடாதீக."

வராந்தாவில் நின்ற முப்பது பேருக்கும் அதற்குமேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. சிவப்புத் துணி தொங்கியது, போர்மேன் குரல் கேட்டது. கையிலிருந்த பைகளைக் கீழே வைத்துவிட்டு, செருப்பு உரசாமல் காலைத் தூக்கி வைத்து, ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். அதைக் கண்டதும் எழுத்தர்கள் இரண்டு பேரும் எழுந்தார்கள். அலுவலக ஊழியர்கள் எல்லாரும் இந்த மாவட்டத்துக்காரர்கள். முப்பது பட்டாசுக்காரர்கள் பேசாமல் ஒரு கட்டடத்தை விட்டுப் போகும்போது ஏன் என்று கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்க அவர்களுக்குத் தெரியாது. பிரபாகரன் போனார், காபிக்காரர் போனார். சபரிநாதன் ஓட்டமும் நடையுமாகப் போனார். அவருக்கு முன்னாலேயே ஹரிஷ்குமார் வாசலைத் தாண்டியிருந்தார்.

வெளியே எல்லாரும் காற்று வரும் பக்கமாக நூறடி தள்ளி நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்து நிமிடம் கழித்து ஹரிஷ்குமாருக்குக் கோபம் வந்தது.

"யாரைக் கேட்டு இந்த அம்மா இப்படிப் பண்ணினாங்க?"

"உங்க கேள்வித்தாள் பதினேழாவது கேள்வி சார்" என்றாள் இசைவாணி. "பழைய கலவையும் புதுக் கலவையும் ஒரே அறையில சேந்திருக்கதப் பாத்தா போர்மேன் என்ன செய்யணும்? சிவப்புத் துணி தொங்க விடணும், ஆள எல்லாம் வெளிய எடுக்கணும், அறைக்கு நாலு பேருக்கு மேல இருந்தா மொதல்ல அத எழுதணும். உள்ள எட்டுப் பேர் இருந்தீக. இந்தப் பதிலுக்கு உங்க ஆபீஸ்லதான் எனக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டீக."

"அது வெடிமருந்துக்கு. இது மென்பொருள்."

"கேள்வியில மருந்துன்னு போடல சார். கலவைன்னுதான் போட்டிருக்கு."

சபரிநாதன் உண்மையிலேயே யோசனைக்குப் போனார். தேர்வுத்தாளைத் தயாரித்த குழுவுக்கு அவர்தான் தலைவர்.

"நீங்க போர்மேனே இல்லையேம்மா" என்றார் ஹரிஷ்குமார். "உங்க பதிவே எங்கயும் கிடையாது. உங்களுக்கு உத்தரவு போட என்ன அதிகாரம்?"

"ஒரு அதிகாரமும் இல்ல சார். நான் யாரோ. என் பேச்சக் கேட்டு நீங்க ஏன் வெளிய வந்தீக?"

சபரிநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்திலிருந்து அலுவலக நேரத்தில், உயரதிகாரி முன்னிலையில், அலுவலகம் காலியாகக் கிடக்கிறது. சாலையில் போகிறவர்கள் நின்று கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். இதற்கு விளக்கம் கேட்டுச் சென்னையிலிருந்து கடிதம் வரும். யாரோ ஒரு பெண் சொன்னாள், வந்துவிட்டோம் என்று எழுதினால் முப்பது வருட சர்வீஸ் போய்விடும். தகுதி பெற்ற போர்மேன் ஒருவர் விதிப்படி உத்தரவிட்டார், ஆணையம் தன் விதிக்குத் தானே முதலில் கட்டுப்பட்டது என்று எழுதினால் பாராட்டுக் கடிதம்கூட வரலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு காகிதம். அதுவும் பதினொன்று பத்துக்கு முந்திய தேதி போட்ட காகிதம்.

"முனியராஜ்" என்றார். "இந்தம்மாவோட சான்றிதழ் எங்க இருக்கு?"

"முத்திரை வச்ச உறைக்குள்ள, சார். அவசரநிலை வந்தாத்தான் பிரிக்கலாம்."

"கட்டடத்தக் காலி பண்ணி எல்லாரும் தெருவுல நிக்கோம். இதுக்கு மேல என்னய்யா அவசரநிலை?"

"பழைய பதிப்பை மறுபடி ஏத்தறது கொள்கைக்கு விரோதம்" என்றார் ஹரிஷ்குமார்.

"அப்போ நீங்க எதுக்கு வெளிய ஓடி வந்தீகன்னு உங்க இயக்குநருக்கு நீங்களே எழுதிருங்க, சார்" என்றார் சபரிநாதன். அந்த அலுவலகத்தில் மேலதிகாரி ஒருவரிடம் அவர் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. ஹரிஷ்குமார் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கொள்கையில் அவசரநிலைக்கு இடம் இருக்கத்தான் செய்கிறது என்றார்.

விதிப்படி, துணி தொங்கும் அறைக்குள் ஓர் ஆள்தான் போகலாம். முனியராஜ் போனார். பின்னால் நின்று மூச்சு விட யாருமில்லாமல், விளக்கம் கேட்க யாருமில்லாமல், அறிக்கைக்கு எத்தனை சதவீதம் என்று கேட்க யாருமில்லாமல் ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவர் தனியே ஒரு கணினி முன்னால் உட்கார்ந்தார். கலந்து கிடந்ததை முழுக்கத் துடைத்துவிட்டுக் குறிஞ்சியை ஏற்றினார். மார்க்குகளைத் திருப்பிப் போட்டார். நாற்பது நிமிடம் ஆனது. மூன்று வாரமாக நடந்துகொண்டிருந்த பணி அது.

இசைவாணி ஒரு பேச்சுக்கும் அசையவில்லை. அவளுடையது மட்டும் போதும் என்று சபரிநாதன் சொன்னபோது, அறை சுத்தமாகிவிட்டதா என்று போர்மேன் உள்ளே போய்ப் பார்த்துச் சொன்னால்தான் துணி இறங்கும் என்றாள். வராந்தாவில் நின்ற அத்தனை பேருக்கும் அச்சாகி முடியும்வரை அறை சுத்தமாகவில்லை.

கடைசியில் துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"ஏம்மா, அது ஆபீஸ் துணி" என்றார் பிரபாகரன்.

"சென்னையில இருக்க கணக்குல இந்தத் துணி இருக்கா சார்?"

பிரபாகரன் பொருள் பதிவேட்டைப் புரட்டினார். திறப்பு விழாவுக்காக உள்ளூரில் வாங்கியது. இல்லை.

"அப்போ இங்கன இருக்கக் கூடாதுல்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

பிறகு நடந்தது ஆணையத்தின் வழக்கப்படி நடந்தது. விருதுநகரில் பதிப்புயர்வு வெற்றிகரமாக நிறைவேறியது என்று ஹரிஷ்குமார் அறிக்கை கொடுத்தார். அடுத்த மாதம் எல்லா மாவட்டங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போனது. இனி ஒவ்வொரு பதிப்பு மாற்றத்தின்போதும் ஒன்றரை மீட்டர் சிவப்புத் துணி வாங்கித் தொங்கவிட்டு, ஊழியர்கள் ஐம்பது நிமிடம் வெயிலில் நிற்க வேண்டும். எதற்காக என்று எந்த மாவட்டமும் கேட்கவில்லை. மூலத்தில் இருந்தது, எல்லாரும் செய்தார்கள்.

அது அடுத்த மாதம். சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, எழில் அடித்த ஆணியில் இசைவாணி தன் சான்றிதழை மாட்டினாள். தங்கப்பாண்டியன் முதலாளி அதைப் படித்துவிட்டு, நல்லது என்று சொல்லி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் அறை அறையாகப் பார்த்துக்கொண்டே போனாள். நான்காம் நம்பர் அறையில், மூலையில், சாக்கை மூடி ஒரு தட்டு இருந்தது. சாக்கை விலக்கினாள். முந்தின நாள் கலவை.

"அது ஒரு லோடுக்குத்தான் வரும்க்கா" என்றான் எழில். "சீசன் நேரம். கலந்துட்டா தீந்துரும்."

இசைவாணி மடித்து வைத்திருந்த துணியை எடுத்து உதறிக் கதவின் மேல் போட்டாள்.

"ஏத்தா, ஆபீசர் வர்ற நேரம்" என்றார் பின்னால் வந்த முதலாளி. "செவப்புத் துணியோடயா அவரு கண்ணுல முழிக்கணும்? அவரு போகவும் எதுனாலும் செஞ்சுக்கலாம்."

"வரட்டும் மொதலாளி. பாத்துட்டுப் போகட்டும்" என்றாள் அவள். "எல்லாரும் வெளிய வாங்க. கையில இருக்கிறத அப்பிடியே வைங்க."

வந்தார்கள். நான்காம் நம்பரிலிருந்து, பக்கத்து அறைகளிலிருந்து, பெட்டி ஒட்டும் கொட்டகையிலிருந்து எல்லாரும் வந்து காற்று வரும் பக்கம் நின்றார்கள். முதலாளி கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அவரும் போய் அவர்களோடு நின்றார். எழில் மட்டும் வாசலில் தட்டைப் பார்த்தபடி தயங்கினான்.

பெட்டி ஒட்டும் கொட்டகையிலிருந்து வந்த மாரித்தாய் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். வலது கையால் அவன் தோளைத் தொட்டாள்.

"நீயுந்தாம்லே" என்றாள்.